மலையமான் (பெயர்)

மலையமான் என்பது தமிழ்நாட்டின் நடுநாட்டுப் பகுதியில் சங்க காலம் முதல் வழங்கி வரும் ஒரு குடிப்பெயர் ஆகும். தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறுநில மன்னர் மரபின் பெயராக இது முதலில் அறியப்படுகிறது. பின்னர் இப்பெயரில் இருந்து ஒரு நாட்டுப்பெயரும், சோழர் காலத் தலைவர்களின் பட்டங்களும், பிற்காலத்தில் ஒரு சமூகப் பிரிவின் பெயரும் தோன்றின. இக்காலத்தில் இது ஆண்களுக்கு இடப்படும் இயற்பெயராகவும் வழங்குகிறது.

இப்பெயருடன் தொடர்புடைய நிலப்பகுதியின் பெரும்பகுதி இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. திருக்கோவலூர், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்கள் 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்திலும், பின்னர் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தன. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. எனவே பழைய நூல்களிலும் கல்வெட்டு அறிக்கைகளிலும் ஒரே ஊர் வெவ்வேறு மாவட்டங்களின் கீழ்க் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

பெயர்க்காரணம்

மலையமான் என்பது மலையன் என்னும் சொல்லுடன் மான் என்னும் ஈறு சேர்ந்து அமைந்ததாகும். மலையன் என்பது மலைநாட்டுக்கு உரியவன் என்று பொருள்படும். மான் என்பது மகன் என்னும் சொல்லின் மரூஉ எனக் கொள்ளப்படுகிறது. பெருமகன் என்பது பெருமான் என்றும், கோமகன் என்பது கோமான் என்றும் திரிந்தது போலவே இதுவும் அமைந்தது. சேரமான், அதியமான், தொண்டைமான் ஆகிய பெயர்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இங்கு மகன் என்பது ஒரு தந்தையின் பிள்ளை என்ற பொருளில் அன்றி, ஒரு குடியைச் சேர்ந்தவன் என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது.

இவ்விளக்கத்திற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர் ஆகியோருடன் சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்போரையும் குறிப்பிடுகிறது. கேரளபுத்திரர் சேரர் என்பது தெளிவாக இருந்தது. ஆனால் சத்தியபுத்திரர் யார் என்பது குறித்து அறிஞர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. 1981இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் ஊரின் குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதில் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயர் சதியபுதோ என்னும் அடைமொழியுடன் காணப்படுகிறது. இதன் மூலம் சத்தியபுத்திரர் என்பது அதியமான் மரபினரையே குறிக்கும் என்ற கருத்து உறுதி பெற்றது. வடமொழியிலும் பிராகிருதத்திலும் புத்திரர் என வரும் இடத்தில் தமிழில் மான் என வருவதால், மான் என்பது மகன் என்பதன் திரிபே என்னும் விளக்கமும் வலுப்பெற்றது.

மகன் என்னும் பொருளுடைய சொல் குடிப்பெயராக மாறுவது பிற மொழிகளிலும் காணப்படும் வழக்கமாகும். ஸ்காட்லாந்துக் குடிப்பெயர்களின் முன் வரும் மக் என்னும் சொல்லும், ஆங்கிலம் மற்றும் ஸ்காண்டிநேவிய மொழிப் பெயர்களின் இறுதியில் வரும் சன் அல்லது சென் என்னும் ஈறும் மகன் என்றே பொருள்படுவன.

சங்க காலம்

சங்க இலக்கியத்தில் இம்மரபினர் மலையன், மலையமான் என்னும் இரு வடிவங்களிலும் குறிக்கப்படுகின்றனர். இவர்களுள் புகழ் பெற்றவன் மலையமான் திருமுடிக்காரி ஆவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய இவனைக் கபிலர், மாறோக்கத்து நப்பசலையார் முதலிய புலவர்கள் பாடியுள்ளனர். இவனது ஊர் கோவல் அல்லது கோவலூர் எனவும், மலை முள்ளூர் எனவும் கூறப்படுகின்றன. இவனது குதிரைக்கும் காரி என்பதே பெயர்.

புறநானூற்றில் கபிலர் பாடிய பாடல்கள் இம்மரபின் அரசியல் நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. மூவேந்தருள் யாரேனும் ஒருவர் போரில் துணை வேண்டிப் பொருள் அனுப்புவர் என்றும், வந்த பொருள் அனைத்தும் பரிசிலர்க்கே சென்றுவிடும் என்றும் அவர் கூறுகிறார். அதாவது மலையமான்கள் பேரரசர் அல்லர். பேரரசர்கள் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள விரும்பிய படைத்தலைவர்கள் ஆவர். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்று அம்மலையைச் சேரருக்கு அளித்த செய்தி அகநானூற்றில் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதை ஔவையார் பாடியுள்ளார். ஜம்பைக் கல்வெட்டு திருக்கோவலூருக்கு அருகில் கிடைத்தமை இச்செய்தியுடன் இணைத்து நோக்கத் தக்கது.

மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன் என்பவன் இம்மரபைச் சேர்ந்த மற்றொரு தலைவன். ஏனாதி என்பது படைத்தலைவர்க்கு வேந்தர் அளிக்கும் சிறப்புப் பெயர். முள்ளூர் மலையில் மறைந்திருந்த சோழ மன்னனை மீண்டும் அரசுரிமை பெறச் செய்தவன் என இவன் பாராட்டப்படுகிறான். சோழருடனான உறவு எப்போதும் நட்பாக அமைந்ததில்லை. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடுவித்துக் கொல்ல முற்பட்டான். கோவூர் கிழார் என்னும் புலவர் இடையிட்டுப் பாடி அவர்களைக் காப்பாற்றினார். புறநானூற்றின் 46ஆம் பாடல் இந்நிகழ்வைப் பற்றியது.

திருக்கோவலூர்ப் பகுதியில் தென்பெண்ணை ஆற்றுப் படுகையில் குதிரை உருவம் பொறித்த சிறிய செப்பு நாணயங்கள் கிடைத்துள்ளன. இவற்றை மலையமான்கள் வெளியிட்டவை என நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டுள்ளார்.

குடிப்பெயரில் இருந்து நாட்டுப்பெயர்

சங்க காலத்திற்குப் பிறகு இம்மரபினரின் நாடு மலாடு, மிலாடு என்னும் பெயர்களால் அறியப்பட்டது. மலையமான் நாடு என்னும் தொடர் சுருங்கி மலாடு ஆயிற்று என்றும், அது மேலும் திரிந்து மிலாடு ஆயிற்று என்றும் கூறுவர். இடைக்காலச் சோழர் கல்வெட்டுகள் திருக்கோவலூரை மிலாடாகிய சனநாத வளநாட்டுக் குறுக்கைக் கூற்றத்தில் அடங்கிய ஊராகக் குறிக்கின்றன. நாட்டை ஆண்ட தலைவர் மிலாடுடையார் எனப்பட்டார்.

இங்கு பெயர் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பதைக் காணலாம். மலை என்னும் நிலப்பெயரில் இருந்து குடிப்பெயர் தோன்றியது. குடிப்பெயரில் இருந்து மலாடு என்னும் நாட்டுப்பெயர் தோன்றியது. அந்நாட்டுப்பெயரில் இருந்து மிலாடுடையார் என்னும் ஆட்சிப் பட்டம் தோன்றியது.

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரில் இருந்து ஆண்ட மன்னர். பெரியபுராணம் இவரை மலாடர்களின் அரசர் எனக் குறிப்பிடுவதோடு, அவரது நாட்டைச் சேதி நாடு எனவும் கூறுகிறது. சைவ வேடத்தில் வந்து தன்னைக் குத்திய பகைவனை, எவரும் தீங்கு செய்யாதபடி ஊர் எல்லை வரை கொண்டு சென்று விடுமாறு தன் காவலனுக்கு ஆணையிட்ட வரலாறு இவருடையது. சேதி என்பது பண்டைய வட இந்திய நாடு ஒன்றின் பெயர். இப்பெயரை மேற்கொண்டதன் மூலம் மலையமான் தலைவர்கள் தம்மை வடநாட்டு அரச மரபுடன் இணைத்துக் காட்டினர். சேதிராயர் என்னும் பட்டம் இதன் வழி வந்தது. ஒன்பதாம் திருமுறையில் உள்ள திருவிசைப்பாவின் ஆசிரியர்களுள் ஒருவர் சேதிராயர் என்னும் பெயருடையவர்.

சோழர் காலம்

சோழப் பேரரசின் எழுச்சிக் காலத்தில் மலையமான்கள் சோழர்க்கு உட்பட்ட தலைவர்களாகவும் அவர்களின் மண உறவினராகவும் இருந்தனர். சுந்தர சோழனின் தேவியும் முதலாம் இராசராசனின் தாயுமான வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். திருக்கோவலூர் கீழையூரில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. கணவன் இறந்தபோது அவர் இளங்குழந்தையைப் பிரிந்து தீப்புகுந்தார் என்பதும் அக்கல்வெட்டால் தெரிய வருகிறது.

அதே கல்வெட்டில் கபிலர் பற்றிய குறிப்பும் உள்ளது. பாரியின் மகளை மலையர்க்கு மணம் செய்து கொடுத்த பின் கபிலர் தீயில் புகுந்து உயிர் நீத்தார் என்றும், அந்த இடம் கபிலக்கல் எனப்பட்டது என்றும் அது கூறுகிறது. திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றின் நடுவே உள்ள பாறை இன்று கபிலர் குன்று என்று அழைக்கப்படுகிறது. சங்க கால மலையமான்களையும் தம் கால மலையமான்களையும் ஒரே குலத்தினராக 11ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்தோர் கருதினர் என்பதற்கு இக்கல்வெட்டு சான்றாகும்.

இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தில் (11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி) மிலாட்டை ஆண்ட நரசிம்மவர்மன் திருக்கோவலூர்ப் பெருமாள் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தான். அக்கோயில் கல்வெட்டு இவனைப் பார்க்கவ வம்சத்தினன் எனக் குறிப்பிடுகிறது. பிற்காலச் சமூகப் பெயர் ஒன்றுடன் இச்சொல் ஒத்திருப்பதால் இக்குறிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் கிளியூர் மலையமான்கள் என்னும் கிளையினர் சிறப்பாகக் காணப்படுகின்றனர். கிளியூர் என்பது இன்றைய உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கிளியூராகக் கருதப்படுகிறது. இக்கிளையினர் விக்கிரமசோழச் சேதிராயன், இராசராசச் சேதிராயன், கோவலராயன் போன்ற பட்டங்களைத் தாங்கினர். இப்பட்டங்களின் முதற்பகுதி பெரும்பாலும் அக்காலச் சோழ மன்னனின் பெயராக இருக்கும். பேரரசன் மாறும்போது பட்டத்தின் முன்பகுதியும் மாறும். மலையமான் என்னும் குடிப்பெயர் மட்டும் மாறாமல் தொடர்ந்து வரும். ஆகவே கல்வெட்டுகளில் ஒரே குடும்பத்தினரை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு இக்குடிப்பெயர் பெரிதும் உதவுகிறது.

உளுந்தூர்பேட்டைப் பகுதி முழுவதும் மலையமான்களுக்கு உரியதாக இருக்கவில்லை. இவ்வட்டத்தில் உள்ள திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். அது திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. சுந்தரரை வளர்த்த நரசிங்க முனையரையர் அந்நாட்டின் தலைவர். இவரையும் மேற்கூறிய மிலாடுடைய நரசிம்மவர்மனையும் ஒருவராகக் கொள்ளுதல் கூடாது. இதே வட்டத்தில் உள்ள சேந்தமங்கலம், காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனின் கோட்டை நகரமாக விளங்கியது. 1231ஆம் ஆண்டளவில் அவன் மூன்றாம் இராசராச சோழனை இங்குச் சிறை வைத்தான். போசளப் படைத்தலைவர்கள் வந்து சோழனை மீட்டதைத் திருவயிந்திபுரக் கல்வெட்டு விவரிக்கிறது. காடவர்களின் எழுச்சியையும் சோழப் பேரரசின் வீழ்ச்சியையும் தொடர்ந்து மலையமான்களின் ஆட்சி அதிகாரம் மறைந்தது.

சமூகப் பிரிவின் பெயர்

ஆட்சி மறைந்த பின்னரும் பெயர் மறையவில்லை. பார்க்கவ குலம் எனப்படும் சமூகத்தின் மூன்று பிரிவுகளாகச் சுருதிமான், மலையமான், நத்தமான் என்பன கூறப்படுகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல், உடையான் என்னும் தலைப்பின் கீழ் இம்மூன்று பிரிவினரையும் சேர்த்து விவரிக்கிறது. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பார்க்கவ குலம் என்பதில் சுருதிமார், நத்தமார், மலையமார், மூப்பனார், நயினார் ஆகியோர் அடங்குவர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. மலையமார் என்பது மலையமான் என்பதன் பன்மை வடிவமாகும்.

இச்சமூகத்தினரிடையே மலையமான் என்பது பிரிவின் பெயராக உள்ளதே தவிர, பொதுவாகப் பெயருக்குப் பின் சேர்க்கப்படுவதில்லை. பெயருக்குப் பின் உடையார், மூப்பனார், நயினார் ஆகிய பட்டங்களே வழங்கின. உடையார் என்பது மிலாடுடையார் என்னும் பழைய பட்டத்தை நினைவூட்டினாலும், அது இச்சமூகத்திற்கு மட்டும் உரியதன்று. சோழ மன்னர்களே கல்வெட்டுகளில் உடையார் எனக் குறிக்கப்படுகின்றனர். மட்பாண்டத் தொழில் புரியும் குலாலர் சமூகத்திலும் உடையார் என்னும் பட்டம் உண்டு. மைசூர் மன்னர்களின் ஒடெயர் என்னும் பட்டமும் இதனோடு தொடர்புடைய கன்னடச் சொல்லே.

மலையமான் மன்னர்களின் வழித்தோன்றல்கள் தாமே என்பது இச்சமூகத்தினரின் மரபுவழி நம்பிக்கை. திருக்கோவலூர் மன்னன் தெய்வீகன் பாரி மகளிரை மணந்தான் என்னும் கதையும் இதனுடன் இணைத்துக் கூறப்படுகிறது. நடுநாட்டின் வேறு சில சமூகத்தினரும் மலையமான் மரபுக்கு உரிமை கோருகின்றனர். பெயர் தொடர்ச்சி வேறு, குருதித் தொடர்ச்சி வேறு. ஒரு மன்னனின் பெயரை அவனது பிள்ளைகள் மட்டுமன்றி, அவனது படையினரும் குடிகளும் அவனது நாட்டில் வாழ்ந்தோரும் மேற்கொள்வது இடைக்காலத் தமிழகத்தில் இயல்பாக இருந்தது. ஆகவே பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு வமிசாவளியை நிறுவ இயலாது. எனினும், பழைய மிலாட்டு நிலப்பகுதியிலேயே இப்பெயர் இன்றும் செறிந்து காணப்படுவது அதன் தொன்மையைக் காட்டுகிறது.

புவியியல் பரவல்

மலையமான் பிரிவினர் பின்வரும் பகுதிகளில் மிகுதியாக வாழ்கின்றனர்:

கள்ளக்குறிச்சி மாவட்டம்: திருக்கோவலூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகள்
விழுப்புரம் மாவட்டம்: தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஊர்கள்
சேலம் மாவட்டம்: ஆத்தூர்ப் பகுதி
கடலூர் மாவட்டம்: மேற்குப் பகுதி

இதே குலத்தின் நத்தமான், சுருதிமான் பிரிவினர் தெற்கே பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதிகளில் மிகுதியாக உள்ளனர். இவர்களுள் கத்தோலிக்கக் கிறித்தவர்களும் உள்ளனர்.

பிரித்தானியாவில் அரிய குடும்பப் பெயர்களின் பரவலை 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு வரைபடமாக வரைய முடிகிறது. அங்கு ஒவ்வொருவர் பெயரின் இறுதியிலும் குடும்பப் பெயர் உள்ளமையே இதற்குக் காரணம். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடும் வழக்கமே பெருவழக்கு. 1929இல் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின் பெயருக்குப் பின்னால் பட்டங்களை இடும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது. மேலும் 1951 முதல் 2011 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தவிர்ந்த பிற சாதியினர் தனித்தனியே எண்ணப்படவில்லை. எனவே வாக்காளர் பட்டியலிலோ தொலைபேசிக் கையேட்டிலோ தேடி இப்பெயரின் பரவலை அறிய முடியாது. கல்வெட்டுகள், ஊர்வழக்குகள், மாவட்ட விவரச்சுவடிகள் ஆகியவற்றின் துணையுடனேயே அறிய இயலும்.

ஒத்த பெயர்கள்

மலையமான் என்னும் பெயரைப் பின்வரும் பெயர்களுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மலையாளி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உள்ள கல்வராயன் மலையிலும், சேர்வராயன், பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் வாழும் பழங்குடியினர். கேரளத்து மலையாள மொழியினருடனும் இவர்களுக்குத் தொடர்பு இல்லை. தமிழ் பேசும் இவர்கள் கவுண்டர் என்னும் பட்டம் உடையவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து மலைக்கு வந்தனர் என்பது இவர்களது மரபு வழக்கு. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் கீழ் நெடுங்காலம் இருந்தது. 1976இல் அரசு அதனைத் தன் நேரடி நிருவாகத்தின் கீழ்க் கொண்டு வந்தது. மலை என்னும் சொல் பொதுவாக இருப்பினும், மலையமான், மலையாளி ஆகிய பெயர்கள் தனித்தனியே தோன்றியவை.

அதியமான்: தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட மரபினரின் பெயர். பெயர் அமைப்பு ஒத்திருப்பினும் மரபு வேறு.

மலையப்பன், மலையாண்டி: இவை குன்றுதோறும் கோயில் கொண்ட தெய்வங்களின் பெயர்கள். பக்தியின் காரணமாக இடப்படும் இயற்பெயர்கள்.

தற்காலம்

20ஆம் நூற்றாண்டில் சங்க இலக்கியங்கள் அச்சில் பரவலாக வெளிவந்ததும், 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பழந்தமிழ்ப் பெயர்களுக்குப் புத்துயிர் அளித்தன. பாரி, ஓரி, அதியமான் போன்ற பெயர்களுடன் மலையமான் என்பதும் இயற்பெயராக இடப்பட்டது. இவ்வாறு பெயர் பெற்றோர் எச்சமூகத்தையும் நிலப்பகுதியையும் சேர்ந்தவராக இருக்கலாம். ஒரு குடிக்கு மட்டும் உரியதாக இருந்த பெயர், இதன் மூலம் தமிழர் அனைவர்க்கும் பொதுவானது.

கல்கி எழுதி 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் புதினத்தில், ஆதித்த கரிகாலனின் பாட்டனாரான திருக்கோவலூர் மலையமான் ஒரு பாத்திரமாக வருகிறார். இக்கதை 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பகுதிகளாகத் திரைப்படமாக வெளிவந்தது. இப்பாத்திரத்தில் நடிகர் லால் நடித்தார். இன்றைய தலைமுறையினர் பலர் இப்பெயரை முதலில் அறிவது இப்படைப்புகளின் வழியாகவே எனலாம்.

இவற்றையும் பார்க்க

கடையெழு வள்ளல்கள்
திருக்கோவலூர்
மெய்ப்பொருள் நாயனார்
வானவன் மாதேவி
நடுநாடு
கல்வராயன் மலை